முதல்ல எனக்குச் சொல்லு

சகாயநாதன் என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது கோயிலில் ஓலை வாசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சாமியார் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். "முத்தியால்பேட்டை சகாயநாதன்" என்று அவர் வாசித்ததும் பக்கத்தில் இருந்தவள் என்னை இடித்து, "பட்டாளத்துக்காரனாம்டி. வருஷத்துல ரெண்டு மாசம் புருஷன், மிச்ச பத்து மாசமும் போட்டோதான்" என்றாள். பெண் என் நாத்தனார் மகள் அகஸ்டினா. அவளுக்கு நான் அத்தை. அதனால் அவனுக்கும் அத்தை ஆகிப்போனேன்.

அவன் வீட்டு வகையறா எனக்குத் தெரியும். அவன் தாத்தாவுக்கு ஓர் அண்ணன். அவர் சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவனைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்லுவோம். சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வந்தார். பிரெஞ்சுக்காரர் போனபோது, எந்த நாட்டுக்காரனாக இருக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். அண்ணன் பிரான்சு என்று சொன்னார். தம்பி கையெழுத்துப் போடப் போகவே இல்லை. அண்ணன் வழிப் பிள்ளைகள் எல்லாம் பாரிசில் இருக்கிறார்கள். தம்பி வழிப் பேரன் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஆனால் பெரிய தாத்தா மட்டும் முத்தியால்பேட்டையை விட்டு அசையாமல் இங்கேயே இருந்து செத்தார். அவர் மடியில் வளர்ந்ததால் சகாயநாதனுக்குப் பிரெஞ்சு வாயில் நின்றுபோயிற்று. பள்ளிக்கூடத்திலும் அதையே எடுத்துப் படித்தான், மார்க்கு நிறையப் போடுவார்கள் என்று.

அவன் மகன் ரிச்சர்ட் எட்டாவது படிக்கும்போது சகாயநாதனுடைய பட்டாளத்தை ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டுக்கு அனுப்பினார்கள். ஐ.நா. சபையின் அமைதிப் படை. ஒரு வருஷம் இருக்க வேண்டும். நடுவில் லீவில் வந்திருந்தான். அகஸ்டினா வீட்டில் விருந்து. சோறு போட்டுக்கொண்டே நான் கேட்டேன்.

"அமைதிக்குப் போற பட்டாளத்துக்குத் துப்பாக்கி எதுக்குடா?"

"அந்தக் காலத்துல பெருசா தேவைப்படல அத்தை. ரெண்டு நாடு சண்டை போடும். போதும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டப்புறம் நடுவுல போய் நீலத் தொப்பி போட்டுக்கிட்டு நிப்பாங்க. சொத்துத் தகராறுல அண்ணன் தம்பி நடுவுல பஞ்சாயத்துக்காரங்க கயிறு புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க பாரு, அந்த மாதிரி. இப்ப அப்படி இல்ல. அங்க ரெண்டு பேரு இல்ல, நூறு கூட்டம் இருக்குது. யாரும் எதையும் ஒத்துக்கல. காலையில வர்றவன் வேற, சாயங்காலம் வர்றவன் வேற. நடுவுல மாட்டிக்கிற சனத்தைக் காப்பாத்தணும். அதுக்காகச் சுடலாம்."

"காப்பாத்திடுறீங்களா?"

"முடிஞ்ச இடத்துல."

"குழாய் ஒழுகுதுன்னு மூணு லீவா சொல்றேன்" என்றாள் அகஸ்டினா. "அதை நிறுத்த முடியல, இவரு காங்கோவைக் காப்பாத்தப் போயிட்டாரு."

அவன் சிரித்தான். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பான். அடுத்த வட்டாரத்தில் பாகிஸ்தான் பட்டாளம் இருந்ததாம். இங்கே எல்லையில் ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், அங்கே இருவர் தலையிலும் ஒரே நீலத் தொப்பி. இவர்கள் ஊறுகாய் கொடுத்தால் அவர்கள் பேரீச்சம்பழம் கொடுப்பார்களாம். "ஒரு வருஷத்துக்குத்தான் அத்தை இந்தச் சிநேகம்" என்றான்.

காங்கோவில் படித்தவர்கள் பேசுவது பிரெஞ்சு. இந்தியப் பட்டாளத்தில் அது தெரிந்தவன் அரிது. மேலதிகாரி கேட்டபோது இவன் கையைத் தூக்கினான். மறுநாளிலிருந்து ரோந்து வண்டியில் இவனை முன்னால் உட்கார வைத்தார்கள். சந்தை நாளில் வெள்ளை வண்டியைச் சந்தை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பெண்கள் விற்று முடித்துக் கூடையைத் தூக்கும் வரைக்கும் நிற்க வேண்டும். விறகுக்குப் போகிறவர்களுக்குத் துணையாகப் போக வேண்டும். இவன் பேசுகிற பிரெஞ்சைக் கேட்டு அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். "நீ எங்க செத்துப்போன சாமியாரு மாதிரியே பேசுறே" என்பார்களாம். பெரிய தாத்தாவின் பிரெஞ்சு அல்லவா.

அவர்களில் ஒருத்தி பாஸ்கலின். மலைமேல் ஒரு கிராமத்தில் பிரசவம் பார்க்கிறவள். அவள் புருஷனை ஏதோ ஒரு கூட்டம் சுமை தூக்கக் கூட்டிக்கொண்டு போய், அவன் திரும்பி வரவே இல்லை. அந்த ஊரில் எச்சரிக்கைக் குழு என்று ஒன்று உண்டு. அதன் கையில் ஐ.நா. ஒரு சின்னப் போனைக் கொடுத்து வைத்திருக்கும். ஆயுதத்தோடு ஆட்கள் வருகிறார்கள் என்றால் அந்தப் போனிலிருந்து முகாமுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் வண்டி கிளம்பும். சண்டை மூண்ட பிறகு போய் நிற்பதற்குப் பதில், மூளுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள இப்போதைய வழி இதுதான் என்றான். அந்தப் போன் பாஸ்கலின் கையில் இருந்தது. ஊருக்கும் முகாமுக்கும் நடுவில் பேச உள்ளூர்க்காரர் ஒருவரையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் பேர் ப்ரோஸ்பெர்.

பாஸ்கலினுக்கு, புருஷன் போன பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டு அவள் சகாயநாதனிடம் வந்து, "நீ ஞானத்தகப்பனாக நில்" என்று கேட்டாள்.

எங்களில் அப்படிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குழந்தைக்கு வாசலை அடைத்த பாவம். சகாயநாதன் ஒத்துக்கொண்டான். மேலதிகாரிக்குத் தெரிந்ததும் கூப்பிட்டுக் கண்டித்தார்.

"நாம நடுவுல நிக்கிறவங்க. இந்த ஊர்ல ஒரு வீட்டுக்கு நீ உறவாயிட்டா, அடுத்த ஊர்க்காரன் உன்னை எப்படி நம்புவான்?"

"நம்ப மாட்டான்தான் சார். ஆனா எங்க வழியில இதை மறுக்கக் கூடாது சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, "போட்டோ மட்டும் எடுக்காதே" என்று விட்டுவிட்டாராம். குழந்தைக்குப் பேர் வைக்கும் உரிமையையும் இவனுக்கே கொடுத்தார்கள். அகஸ்டினா என்று வைத்தான். அவர்கள் வாயில் ஒகுஸ்தின். ஞானத்தாயாகவும் இங்கே இருக்கிற அகஸ்டினாவையே சொல்லிவிட்டான், அவளுக்குப் பதிலாக அங்கே ஒரு கிழவி நின்றாள்.

அன்றைக்குப் போனில் அகஸ்டினா அவனைப் பிடித்த பிடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என்னைக் கேக்காமலே எனக்கு ஒரு பொண்ணா? வலியும் இல்ல, செலவும் இல்ல, பரவால்ல. ஆனா எம் பேரை எதுக்கு வெச்சே? வேற பேரே கிடைக்கலியா?"

"வேற பேரு வெச்சா அதுக்கும் நீ கேப்பியே" என்றான் அவன்.

வருஷம் முடிந்தது. ஒரு பட்டாளம் கிளம்ப, அடுத்தது வந்து இறங்கும். அதுதான் முறை. கிளம்புகிற அன்று பாஸ்கலினிடம் விடைபெற்றபோது தன்னுடைய பாண்டிச்சேரிப் போன் நம்பரைக் கொடுத்து, "எதுன்னாலும் முதல்ல எனக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

இது நாம் எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதான். பெண் பெரியவளானாலும் சரி, சாவு விழுந்தாலும் சரி, யாருக்கு முதலில் சொன்னார்கள், யாருக்கு இரண்டாவதாகச் சொன்னார்கள் என்பதில்தான் உறவே நிற்கிறது. என் கொழுந்தன் மகள் சடங்குக்குத் தாய்மாமனுக்கு முந்தி பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று அந்த மாமன் அவள் கல்யாணம் வரைக்கும் வாசல் மிதிக்கவில்லை. ஆனால் நாம் சொல்லும்போது, சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அது பிரியம் என்று தெரியும். பாஸ்கலின் அதை ஓர் ஏற்பாடாக எடுத்துக்கொண்டாள். பட்டாளத்துக்காரன் சொல்லுகிறான், அந்தத் தொப்பியோடு நின்று சொல்லுகிறான், அவள் வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்?

சகாயநாதன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தான். மாதத்தில் இரண்டு முறையாவது காங்கோவிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். அங்கே கரண்டு இருக்கிற நாளாகப் பார்த்து, வீடியோ தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பாஸ்கலின் தன் சொந்தப் போனோடு சந்தைக்கு இறங்கி வந்து கூப்பிடுவாள். சின்ன அகஸ்டினா பல் விழுந்த வாயைக் காட்டுவாள். இங்கே பெரிய அகஸ்டினா தமிழில் பேசுவாள், அங்கே அது பிரெஞ்சில் பேசும், இரண்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகும். "நீ நடுவுல மொழிபெயர்க்காதே, நாங்க ஒழுங்காத்தான் பேசிக்கிறோம்" என்று இவனை விரட்டுவாள். பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைச் சடங்குக்குக் கவுன் நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

நடுவில் ஒரு தடவை, மலைக்குக் கீழே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்று பாஸ்கலின் இவனைக் கூப்பிட்டாள். அந்தச் சமயம் இவனோடு வேலை பார்த்த கண்ணையன், வேறொரு பட்டாளத்தோடு அங்கே போயிருந்தான். அவனுக்கு இவன் போன் போட்டான், கண்ணையன் அதிகாரியிடம் ஓடினான், வண்டிகள் மலையேறின. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முத்தியால்பேட்டையில் நாங்கள் பெருமைப்பட்டோம். கோயிலில் சந்தித்தவர்களிடம் எல்லாம் நானே சொன்னேன், நம்ம பையன் இங்கே இருந்துகொண்டே அங்கே ஓர் ஊரைக் காப்பாற்றினான் என்று. அந்தக் கிராமத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம். பாண்டிச்சேரிக்குச் சொன்னால் வண்டி வரும்.

அதற்குப் பிறகு அங்கே எல்லாம் மாறிக்கொண்டே வந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து காவல் காப்பதைக் குறைத்து, தேவைப்படுகிற இடத்துக்கு ஓடுகிற மாதிரி படையை மாற்றினார்கள். கிராமத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முகாமையும் மூடினார்கள். நீங்கள் இருந்தும் எங்கள் சனம் சாகிறதே என்று சில ஊர்களில் மக்களே வெள்ளை வண்டிமேல் கல்லெறிந்தார்கள். அந்த நாட்டு அரசாங்கமும், வந்தது போதும், படிப்படியாகக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டது. கண்ணையனும் முறை முடிந்து திரும்பிவிட்டான். இதெல்லாம் சகாயநாதனுக்குத் தெரியும். பாஸ்கலினிடமும் சொன்னான், ஆபத்து என்றால் குழுப் போனிலிருந்து ப்ரோஸ்பெரைக் கூப்பிடு என்று. "சரி, கூப்பிடுறேன். உனக்குச் சொல்லிட்டுக் கூப்பிடுறேன்" என்றாளாம்.

அவனுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் காவல் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. உள்ளே போட்டோ எடுத்துவிடக் கூடாது என்று அங்கே எல்லாரும் வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். வாங்கிப் பூட்டுகிற பொறுப்பு இவனுடையது. தன் போனை முதலில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் கை நீட்டுவான். "நீ பெரிய ஆளு, உனக்கு இன்னா அவசியம்?" என்று கேட்டவர்களிடம், "மத்தவன் போனை வாங்கி வெச்சிட்டு நான் மட்டும் பையில வெச்சிக்கிட்டா அது காவலா?" என்பான்.

போன வருஷம் பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள். நமக்குக் காலை டிபன் நேரம் தாண்டியிருக்கும்போது அங்கே பொழுது விடியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெட்டியைத் திறந்தபோது அவன் போன் நிறைய பாஸ்கலின் கூப்பிட்ட குறி. ஒரு குரல் பதிவும் இருந்தது. அதைப் பிறகு எனக்குப் போட்டுக் காட்டினான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் அவள் கத்தவில்லை. அக்கம்பக்கம் கேட்காமல் பேசுகிற குரல். மேலே இருந்து வருகிறார்கள், எல்லாரும் கோயிலுக்குள் இருக்கிறோம், வண்டியை அனுப்பு என்று சொல்லியிருந்தாள்.

அவன் திருப்பிக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராஜஸ்தானில் இருந்த கண்ணையனைக் கூப்பிட்டான். "சகாயம், நான் வந்து எவ்ளோ நாளாவுது. இப்ப அங்க எந்தப் பட்டாளம்னே எனக்குத் தெரியாதுடா" என்றான் அவன். ப்ரோஸ்பெர் கிடைத்தார். மூச்சு வாங்கப் பேசினார். எல்லாத் திசையிலிருந்தும் சண்டை கோமா நகரத்தைப் பார்த்து வருகிறது, காலையிலிருந்து எத்தனையோ ஊர்களிலிருந்து அழைப்பு என்றார். பிறகு, "உங்க பாஸ்கலின் ஊர்லேருந்து மட்டும் அழைப்பே வரல்லையே. அங்க அமைதின்னு இல்ல நெனச்சோம்" என்றார்.

குழுப் போன் அவள் கையில்தான் இருந்தது. முதலில் இவனுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் அவர்களைக் கூப்பிடலாம் என்று இவனையே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அதற்குள் மலைப்பாதை மூடிவிட்டது. அந்த வாரமே கோமா நகரமும் கலகக்காரர் கையில் விழுந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். ப்ரோஸ்பெரின் நம்பரும் அணைந்துபோயிற்று.

மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. சகாயநாதன் வேலைக்குப் போனான், வந்தான். தட்டில் போட்டதைத் தின்றான், என்ன போட்டோம் என்று கேட்டால் தெரியாது. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பது ஒன்றுதான் அந்த வீட்டில் கேள்வி. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அகஸ்டினா மட்டும் ஒருநாள் என்னிடம், "அத்தை, ஞானத்தாய்க்குத் துக்கம் உண்டா? எத்தனை நாள் காக்கணும்?" என்று கேட்டாள். "வாயை மூடுடி" என்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது புது நம்பரிலிருந்து அழைப்பு. ப்ரோஸ்பெர். உகாண்டா நாட்டில் அகதி முகாமில் இருக்கிறார். சகாயநாதன் நின்றுகொண்டே கேட்டான், கேட்கக் கேட்கத் தமிழில் எங்களுக்குச் சொன்னான், யாருக்கோ நடந்ததைச் சொல்லுகிற மாதிரி.

சத்தம் கேட்டதும் வாழைத்தோட்டம் வழியாக ஓடினவர்கள் எல்லாரும் பிழைத்திருக்கிறார்கள். பாஸ்கலின் ஓடவில்லை. கர்ப்பிணிகளையும் நடக்க முடியாதவர்களையும் கோயிலுக்குள் சேர்த்துக்கொண்டு, "பாண்டிச்சேரிக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன், வண்டி வரும்" என்று எல்லாரையும் அமர்த்தியிருக்கிறாள். அவள் வார்த்தையை நம்பி இன்னும் சிலர் தங்கியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் தன் மகளை மட்டும் தங்கையிடம் கொடுத்து ஜன்னல் வழியாக அனுப்பியிருக்கிறாள். கோயிலுக்குள் இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை.

"பாப்பா இருக்குது" என்றான் சகாயநாதன். அகஸ்டினா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ப்ரோஸ்பெர் போனைச் சின்ன அகஸ்டினாவிடம் கொடுத்தார். அது நன்றாக வளர்ந்திருக்க வேண்டும், குரல் கெட்டிப்பட்டிருந்தது. நலம் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது. இவன் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. அது கேட்ட தோரணையிலேயே எங்களுக்குப் புரிந்தது. ஏன் எடுக்கவில்லை?

பொய் சொல்லியிருக்கலாம். டவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "போன் என் கையில இல்ல பாப்பா. பூட்டி வெச்சிருந்தேன்" என்று உள்ளதைச் சொன்னான். பிறகு பிள்ளை போனைத் தன் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "அவ முகாமுக்கே சொல்லியிருந்தாலும் அன்னிக்கு வண்டி வந்திருக்குமான்னு யாருக்குடா தெரியும்?"

"அதான் அத்தை. யாருக்கும் தெரியாது" என்றான். "வந்திருக்காதுன்னு தெரிஞ்சா அழுதுட்டு எழுந்துடுவேன்."

அடுத்த ஞாயிறு பாஸ்கலினுக்காகப் பூசை வைத்தான். கோயிலில் பேர் எழுதிக்கொள்ளுகிற உபதேசியார் அந்தப் பேரை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்றார். சகாயநாதன் யோசித்துப் பார்த்து, "எங்க பொண்ணோட அம்மா" என்றான். அவர் ஏற இறங்கப் பார்த்தார். அகஸ்டினா பக்கத்திலேயே நின்று, "ஆமாங்க, அப்படியே எழுதிக்குங்க" என்றாள்.

மறுநாள் கம்பெனி வேலையை விட்டுவிட்டான். முத்தியால்பேட்டையில் பார்க்கிறவர்கள் எல்லாம் காங்கோ சமாசாரம் கேட்கிறார்கள் என்று வீட்டை வாடகைக்கு விட்டார்கள். நான் ஊரெல்லாம் சொல்லி வைத்த பெருமைதான் அது. சின்ன அகஸ்டினா உகாண்டா முகாமில் சித்தியோடு இருக்கிறாள், அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். சித்தி எப்போதாவது பேசுகிறாள். பிள்ளை போனுக்கு வருவதில்லை.

சகாயநாதன் இப்போது, காங்கோ சமாசாரம் யாரும் கேட்காத தவளக்குப்பத்தில் இருக்கிறான். கடலூர் ரோட்டு முனையில் வாழைப்பழக் கடை வைத்திருக்கிறான்.